குற்றவியல் படிக்கப் போகிறவர்களுக்கு: சேர்க்கை, சான்றிதழ், வேலை

தமிழ்நாட்டில் குற்றவியல் (கிரிமினாலஜி) படிக்க இடம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. படித்து முடித்த பட்டத்தை எந்த அலுவலகத்தில் நீட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் கடினம். துறையில் கேட்டால் பாடத்திட்டத்தைச் சொல்வார்கள். கோச்சிங் சென்டரில் கேட்டால் கட்டணத்தைச் சொல்வார்கள். நான் இதில் எம்.ஏ. முடித்தவள். என் பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை அறிவிக்கை அறிவிக்கையாகப் படித்தும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து வருகிறவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், அப்புறம் படிப்பை

இதுதான் முதல் படி, முக்கியமான படியும் இதுதான். காவல்துறை, வழக்கு நடத்துதல், நீதிமன்றம், சிறை, நன்னடத்தை (குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவது), குழந்தைகள் பாதுகாப்பு, தடய அறிவியல் என்று குற்ற நீதித் துறைக்குள் பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலும் வேறு வேறு பட்டத்தைக் கேட்கும். "கிரிமினாலஜி படித்தால் எல்லாவற்றுக்கும் போகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குற்றவியல் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று இல்லை. ஐ.பி.எஸ். கனவு இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் கிடையாது. சமூகவியல், சட்டம், உளவியல், பொது நிர்வாகம் எல்லாம் உண்டு.

அரசு வழக்கு நடத்துநர், நீதிபதி ஆகிய பதவிகளுக்குச் சட்டப் பட்டம் இல்லாமல் வழியே இல்லை. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு வழக்கறிஞர் அனுபவமும் வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இந்தப் பக்கம் போகிறவர்கள் எம்.ஏ.வில் இரண்டு ஆண்டைச் செலவிடும் முன் எல்.எல்.பி.யை யோசியுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய முன்பு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்க அறிவியல் பட்டம் வேண்டும். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.ஏ. குற்றவியல் சேர்ந்தவர், கைரேகையும் டி.என்.ஏ.வும் பாடத்தில் வருவதை வைத்து ஆய்வகத்துக்குப் போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. அதே நேரம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல காலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். அதற்கு ஆட்கள் தேவைப்படுவார்கள்.

குழந்தைகள் பாதுகாப்பில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தை நாம் பருவம் முழுக்கப் படித்திருப்போம். ஆனால் 2015-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினருக்குக் கேட்பது குழந்தைகள் நலப் பணியில் 7 ஆண்டு ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருப்பது. குற்றவியல் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஒப்பந்தப் பணிகளிலும் சமூகப்பணி, உளவியல், சட்டம் என்றுதான் பட்டியல் போகும். குழந்தைகளோடும் கைதிகளோடும் வேலை செய்வதுதான் உங்கள் ஆசை என்றால், சமூகப்பணிப் பட்டத்துக்குள்ளேயே குற்றவியலைச் சிறப்புப் பிரிவாக எடுப்பது புத்திசாலித்தனம்.

அப்படியானால் எம்.ஏ. குற்றவியல் யாருக்கு? ஆய்வு, கற்பித்தல், பாதிக்கப்பட்டோருக்கான தொண்டு நிறுவனங்கள், தனியார் துறையின் மோசடித் தடுப்புப் பிரிவுகள் இவற்றை நோக்கிப் போகிறவர்களுக்கு. காவல்துறைக்குப் போகும் உறுதியோடு, இந்தத் துறையைப் புரிந்துகொண்டு போக விரும்புகிறவர்களுக்கும். குற்றம் ஏன் நடக்கிறது, சிறை ஒரு மனிதனை என்ன செய்கிறது, புகார் கொடுக்க வந்தவர் நிலையத்தில் எப்படி நடத்தப்படுகிறார் என்று இரண்டு ஆண்டு யோசித்த ஒருவர் அதிகாரியானால் அந்த நிலையத்துக்கே நல்லது என்று நான் நம்புகிறேன்.

2. எங்கே படிப்பது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்ற நீதித் துறை இருக்கிறது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகத் துறைகள். கட்டணம் தனியார் நிறுவனங்களைவிட வெகுவாகக் குறைவு. வெளி மாநிலம் போகத் தயார் என்றால் காந்திநகரில் ராஷ்ட்ரிய ரக்‌ஷா பல்கலைக்கழகமும் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமும் உண்டு. பின்னதற்கு டெல்லியிலும் வளாகம் இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், மேலே சொன்னபடி, சமூகப்பணி முதுநிலையில் குற்றவியலும் நீதியும் என்ற பிரிவு இருக்கிறது.

இளநிலையிலேயே குற்றவியல் எடுக்கலாமா என்று பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் என் கருத்து: இளநிலையில் உளவியல், சமூகவியல், சட்டம், அறிவியல், கணினி இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு முதுநிலையில் இங்கே வாருங்கள். அப்போது கையில் இரண்டு சாவி இருக்கும்.

தொலைதூரக் கல்வி, ஆன்லைன் படிப்பு என்றால் பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விக் குழும இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து, குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் போவது உண்டு. "அனுமதி வந்துவிடும்" என்று முகவர் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

3. பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

இதைச் சேரும் முன் யாரும் சொல்வதில்லை. ஒரு பல்கலைக்கழகம் 'குற்றவியல்' என்று பட்டம் தரும். இன்னொன்று 'குற்றவியலும் குற்ற நீதி நிர்வாகமும்' என்று தரும். வேறொன்றில் 'காவல் நிர்வாகம்' ஒட்டிக்கொண்டு வரும். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அரசு வேலை அறிவிக்கையில் ஒரு குறிப்பிட்ட பட்டத்தின் பெயர் இருந்து, உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் சமம் என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட சமநிலை அரசாணையை டி.என்.பி.எஸ்.சி. கேட்கும். அந்த அரசாணை அறிவிக்கை தேதிக்கு முன்னால் வந்ததாக இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு ஓடி ஓடி வாங்கினால் பயனில்லை.

ஆகவே சேரும் முன்பே துறை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: "இந்தப் பட்டத்துக்குச் சமநிலை அரசாணை இருக்கிறதா? எண்ணும் தேதியும் என்ன?" இருந்தால் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இல்லை என்றால், முன்னாள் மாணவர்கள் யாராவது சேர்ந்து பல்கலைக்கழகம் மூலமாக விண்ணப்பித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் இதற்காகவே வெளியே வந்தார். அவருடைய படிப்பில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொன்று: 10-ஆம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்குப் பட்டம் செல்லும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்கள்

எம்.ஏ. சேர்க்கைக்குக் கேட்கும் காகிதங்கள் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றுதான்: 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். இதைப் பழைய பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து வாங்கச் சில வாரங்கள் பிடிக்கும். இறுதிப் பருவத் தேர்வு முடிந்த கையோடு போடுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள் இவை:

பெயரும் இனிஷியலும். ஆதாரில் இனிஷியல் பின்னால், 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், பட்டத்தில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். 10-ஆம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரை முதலில் திருத்துங்கள். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தலைவலி.

ஓ.பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகங்களோ, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வோ ஏற்காது. வளமான பிரிவினர் அல்லாதோர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதை நடப்பு நிதியாண்டில் வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இரண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், மையக் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். கல்வி உதவித்தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும். எம்.ஏ. செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

தமிழ் வழிச் சான்றிதழ். மாநில அரசு வேலைகளில் 20 சதவீத ஒதுக்கீடு இதற்கு இருக்கிறது. 1-ஆம் வகுப்பு முதல் அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். பட்டம் போதும் என்ற வேலைக்கு, நீங்கள் எம்.ஏ.வை ஆங்கில வழியில் படித்தது தடையில்லை. நீங்கள் படித்த ஆரம்பப் பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். கல்லூரி விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள், அறிவிக்கை வந்தபின் தலைமையாசிரியர்கள் மேசையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் மட்டும் கொடுப்பது வழக்கம். எதைக் கொடுத்தாலும் முதலில் வண்ண நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

5. எப்போது, எவ்வளவு

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) பெரும்பாலும் மார்ச்சில் நடக்கும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். இறுதியாண்டு மாணவர்கள் "தேர்வு முடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்தால் இது கைவிட்டுப் போகும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்பு ஏப்ரலில் இருந்து ஜூன் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் கிடைத்து ஓரிடத்தை விட நேர்ந்தால் பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்குப் பின் கடைசி தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி தேதியில் இருந்து 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதன்பின் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தைத் தேதியோடு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கல்விக் கட்டணத்தைவிட விடுதி, பயணச் செலவுதான் உதைக்கும். குற்றவியலில் களப்பணி அதிகம். சிறை, வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், காவல் நிலையம் என்று ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

6. படிக்கும் இரண்டு ஆண்டில்

ஆய்வுக் கட்டுரைக்குக் கைதிகளைச் சந்திக்க நினைத்தால் சிறைத்துறைத் தலைமையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கேள்விப் பட்டியல், வழிகாட்டியின் கடிதம், துறைத் தலைவரின் பரிந்துரை எல்லாம் இணைத்துக் கொடுத்தாலும் பதில் வரத் தாமதமாகும். நான்காம் பருவத்தில் ஆய்வு என்றால் இரண்டாம் பருவ முடிவிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அனுமதி வராவிட்டால் செய்ய ஒரு மாற்றுத் தலைப்பையும் வைத்திருங்கள்.

சீனியர்கள் தரும் நோட்ஸை அப்படியே நம்ப வேண்டாம். 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் பிரிவு எண்கள் எல்லாம் பழசு. கொலைக்கு 302 என்பது இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. மோசடிக்கு 420 என்பது 318. முதல் தகவல் அறிக்கைக்கு 154 என்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 173. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும் என்பதால் இரண்டு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பை மதிப்பெண்ணுக்காகச் செய்யாதீர்கள். சென்னையில் பி.சி.வி.சி. போல வன்முறைக்கு உள்ளான பெண்களோடு வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்பது எந்தப் புத்தகத்திலும் வராது. முடித்ததும் செய்த பணியைக் குறிப்பிட்டு அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். ஒப்பந்தப் பணிகளுக்கு அனுபவத்தை மாதக் கணக்கில் கேட்பார்கள்.

7. படித்தபின்

காவல் உதவி ஆய்வாளர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்துகிறது. ஆண்டுதோறும் அறிவிக்கை வரும் என்று கணக்குப் போடாதீர்கள், 2023-க்குப் பின் 2025-ல்தான் வந்தது. வயது 20 முதல் 30, பி.சி., எம்.பி.சி. 32, எஸ்.சி., எஸ்.டி. 35 வரை. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். உயரம் பொதுவாக ஆண்களுக்கு 170, பெண்களுக்கு 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167, 157. இதைப் படிப்பில் சேரும் முன்பே அளந்துவிடுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் மீது ஏதாவது வழக்கு பதிவாகி, பின்பு சந்தேகத்தின் பலனாலோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலை ஆகியிருந்தாலும், காவல் பணி விதிகள் அதை வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளும். கல்லூரிக் காலத்துச் சின்ன அடிதடி வழக்குகூட இதில் வரும். படிவத்தில் மறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உண்மையை எழுதிவிட்டு, முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மத்திய அரசு. மத்திய அரசுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரி நிலைத் தேர்வு (சி.ஜி.எல்.) வழியாக சி.பி.ஐ., என்.ஐ.ஏ. உதவி ஆய்வாளர் ஆகலாம், வயது வரம்பு 30. டெல்லி காவல்துறை, துணை ராணுவ உதவி ஆய்வாளர் தேர்வுக்கு 25-தான். எம்.ஏ. முடிக்கும்போது 22, 23 ஆகிவிடும் என்பதால் முதல் ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள்.

கற்பித்தலும் ஆய்வும். நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம், எண் 68. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இறுதியாண்டிலேயே எழுதலாம். ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் வந்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள். துறைகள் குறைவு என்பதால் பேராசிரியர் இடங்களும் குறைவு. காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகமும் குற்றவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை தருகிறது.

குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கும் மாதம் 27,804 ரூபாய் தொகுப்பூதியம். ஒப்பந்தப் பணி. அறிவிப்பு அந்தந்த மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. பக்கத்து மாவட்டங்களின் தளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

தனியார் துறை. சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் பணமோசடித் தடுப்பு, வாடிக்கையாளர் சரிபார்ப்பு, காப்பீட்டு மோசடி விசாரணை என்று வேலைகள் உண்டு. நேர்காணலில் எக்செல் தெரியுமா, ஒரு சம்பவத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் தெளிவாக எழுத முடியுமா என்று பார்ப்பார்கள். மோசடி ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.இ. சான்றிதழுக்கு இரண்டு ஆண்டாவது தொடர்புள்ள பணி அனுபவம் வேண்டும். ஆகவே படிப்பு முடிந்த உடனே அதற்குப் பணம் கட்ட வைக்கும் பயிற்சி மையங்களிடம் கவனமாக இருங்கள்.

வெளிநாடு. பிரிட்டனில் குற்றவியல் எம்.எஸ்சி. படித்தாலும் அங்கே காவல்துறையில் சேர, வெளிநாட்டவருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும். அமெரிக்க மத்தியப் புலனாய்வு வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும். கடன் வாங்கும் முன் இதை வங்கியில் கையெழுத்துப் போடப்போகும் அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள்.